பின்வளவுப் பட்டறைக்குக் கரண்ட்: கேபிளைத் தூரம் பார்த்து வாங்குங்கள்

எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம். ஒரு ஏக்கர் வளவு. வீடு ஒழுங்கையோடு, தம்பியின் வெல்டிங் கொட்டில் பின்வேலியோடு. இரண்டுக்கும் நடுவில் கிணறு, நாலைந்து தென்னை, மாட்டுக் கொட்டில். முதல் தடவை அந்தக் கொட்டிலுக்குக் கரண்ட் இழுக்க நினைத்தபோது கடையில் போய்க் கேட்டோம். "25 ஆம்ப்தானே, 2.5 காணும் அண்ணை" என்றார்கள். 2.5 என்பது செம்புக் கம்பியின் தடிப்பு, சதுர மில்லிமீட்டரில். வாங்கி வந்து, முக்கால் அங்குலப் பைப்பில் விட்டு, ஒரு முழ ஆழத்தில் புதைத்தோம். வயர் கொஞ்சம் கட்டையாகிவிட்டதால் கிணற்றடியில் ஒரு மூட்டும் போட்டோம்.

லைட் எரிந்தது. ட்ரில் சுற்றியது. வெல்டிங் பிளான்ட்டைப் போட்டதும் லைட் மங்கியது, வெல்டிங் ரொட் இரும்பில் ஒட்டிக்கொண்டது. பின்னேரமானால் கம்பிரசர் மோட்டர் உறுமும், ஆனால் சுற்றாது. ஒருநாள் கிணற்றடியில் பிளாஸ்டிக் கருகும் மணம். மெயினை நிறுத்திவிட்டு மண்ணைக் கிளறி, மூட்டில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தேன். பசை உருகி விரலில் ஒட்டியது. உள்ளே செம்பு கறுத்துப் போய், முறுக்கிய இடத்தில் விரலால் தொட்டதும் நொறுங்கியது. அதிலிருந்து மூன்று அடி தள்ளித்தான் மாடு கட்டும் கட்டை.

அந்த மூட்டைப் பார்த்த பிறகுதான் ஒழுங்காகக் கணக்குப் பார்க்கப் பழகினேன். கடையில் சொன்னது ஆம்ப் கணக்கில் பிழையே இல்லை, அதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். நல்ல 2.5 கேபிள் 25 ஆம்பைத் தாங்கும். ஆனால் அந்தக் கணக்கில் தூரம் இல்லை. வன்னியில் வளவுகள் பெரியவை, கொட்டில்கள் வீட்டிலிருந்து விலகியே நிற்கும். இங்கே கேபிளின் தடிப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆம்ப் அல்ல, மீட்டர்.

தொடங்க முன் ஒன்று. கேபிளைத் தெரிவு செய்வதும், வாங்குவதும், கான் வெட்டுவதும் நாமே செய்யலாம். மெயின் பலகையில் இணைப்பதையும் சோதிப்பதையும் தகுதி உள்ள மின்னியலாளரிடம் விடுங்கள். கரண்ட் மீட்டரில் சீல் வைத்த பக்கம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குரியது. அதில் யாரும் கை வைக்கக்கூடாது.

முதல் படி: என்ன ஓடப்போகிறது?

ஒரு தாளை எடுத்து, கொட்டிலில் இருக்கிற, இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் வரப்போகிற சாமான்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் தகட்டிலும் வாட் அல்லது ஆம்ப் இருக்கும். வாட் மட்டும் இருந்தால் 230ஆல் பிரித்தால் ஆம்ப் கிட்டத்தட்ட வரும்.

நாலு அங்குல கிரைண்டர் 700 முதல் 850 வாட், ஏறத்தாழ மூன்றரை ஆம்ப். கை ட்ரில் அதற்கும் குறைவு. 1 குதிரைவலு மோட்டர் 746 வாட் வேலை செய்யும். ஆனால் இழுப்பது அதைவிடக் கூட, 6 அல்லது 7 ஆம்ப் என்று வையுங்கள். 2 குதிரைவலு என்றால் 12 ஆம்ப் அளவில் வரும். மோட்டர் புறப்படும் அந்த ஒன்றிரண்டு செக்கன் ஓடும் ஆம்பைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

வெல்டிங் பிளான்ட்டில்தான் பலர் பிழை விடுகிறார்கள். பெட்டியில் "200 ஆம்ப்" என்று எழுதியிருப்பது ரொட்டுக்குப் போகும் ஆம்ப், சுவரிலிருந்து இழுப்பது அல்ல. 3.2 மி.மீ. ரொட்டை 120 ஆம்பில் எரித்தால் சாதாரண இன்வேட்டர் பிளான்ட் ஒன்று சுவரிலிருந்து 20 முதல் 22 ஆம்ப் வரை எடுக்கும். 200 ஆம்பில் வைத்தால் 30 ஆம்பைத் தாண்டிவிடும். நீங்கள் உண்மையில் எந்த ரொட்டை எரிக்கிறீர்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

எல்லாவற்றையும் கூட்ட வேண்டாம். ஒரு ஆள் வேலை செய்யும் கொட்டிலில் வெல்டிங்கும் கிரைண்டரும் ஒரே நேரத்தில் ஓடாது. கூட ஓடக்கூடியவற்றை மட்டும் கூட்டுங்கள்: வெல்டிங் 22, லைட்டும் ஃபேனும் 1, ரேடியோ, போன் சார்ஜர். 25 ஆம்ப் போதும். உதவிக்கு இன்னொருவர் நின்று கிரைண்டர் பிடிப்பார் என்றால் அதையும் சேருங்கள்.

இரண்டாம் படி: வீட்டு இணைப்புத் தாங்குமா?

இங்கே பல வீடுகளுக்கு வருவது சிங்கிள் பேஸ் 30 ஆம்ப் இணைப்பு. கொட்டில் 25 எடுத்தால் வீட்டுக்கு மிஞ்சுவது 5. குளிர்சாதனப் பெட்டியும் கிணற்று மோட்டரும் சேர்ந்து ஓடினால் அதுவே கூடிவிடும். இதற்குக் கேபிள் தீர்வு அல்ல, வீட்டில் ஒழுங்கு வேண்டும்: வெல்டிங் நேரத்தில் தண்ணீர் மோட்டரைப் போடக்கூடாது. எங்கள் வீட்டில் அம்மா விடியவே தாங்கியை நிரப்பிவிடுவார்.

3 குதிரைவலு கம்பிரசர், மரம் சீவும் பெரிய மெசின், கடைசல் மெசின் என்று யோசிக்கிறீர்களா? அப்படியென்றால் கேபிள் வாங்கும் காசைப் பொறுத்துவைத்து, முதலில் மின்சாரம் வழங்கும் அலுவலகத்தில் மூன்று பேஸ் இணைப்புப் பற்றிக் கதையுங்கள். அங்கேயே கட்டண வகையையும் கேளுங்கள். வருமானத்துக்கு நடத்தும் பட்டறையை வீட்டுக் கட்டண மீட்டரில் ஓட்டுவது சரியல்ல. கைத்தொழிலுக்கென்று தனிக் கட்டண வகை இருக்கிறது.

மூன்றாம் படி: தூரத்தை அளந்து கணக்குப் பாருங்கள்

அளவுநாடா இல்லையென்றால் மாட்டுக் கயிற்றைக் கொண்டும் அளக்கலாம். ஆனால் கேபிள் போகிற வழியாகவே அளக்க வேண்டும். மெயின் பலகையிலிருந்து சுவர் வழியாகக் கீழே இறங்கி, கானோடு போய், மரத்தின் வேரைச் சுற்றி, கொட்டில் சுவரில் ஏறி, உள்பலகை வரை. கண்ணுக்கு 35 மீட்டர் போலத் தெரிந்த எங்கள் வழி, அளந்தபோது 45 வந்தது.

கரண்ட் கம்பியில் போகப் போக வோல்டேஜ் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு ஒவ்வொரு தடிப்புக்கும் ஒரு இலக்கம் உண்டு. ஒரு ஆம்ப், ஒரு மீட்டர் தூரம் போய்த் திரும்ப எத்தனை மில்லிவோல்ட் இழக்கும் என்பதே அது. செம்புக் கேபிளுக்கு:

2.5 சதுர மி.மீ. – 18
4 சதுர மி.மீ. – 11
6 சதுர மி.மீ. – 7.3
10 சதுர மி.மீ. – 4.4
16 சதுர மி.மீ. – 2.8

இந்த இலக்கத்தை ஆம்பாலும் மீட்டராலும் பெருக்கி 1000ஆல் பிரித்தால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. மீட்டரை இரண்டால் பெருக்க வேண்டாம்.

எங்கள் 45 மீட்டருக்கும் 25 ஆம்புக்கும் போட்டுப் பார்ப்போம். 2.5இல் 20.3 வோல்ட் போய்விடும். 4இல் 12.4. 6இல் 8.2. 10இல் 5 வோல்ட்.

வயரிங் விதிகளில் பின்பற்றும் அளவு, லைட்டுகளுக்கு 3 வீதம், மற்றச் சாமான்களுக்கு 5 வீதம். 230இல் அது 6.9 வோல்ட்டும் 11.5 வோல்ட்டும். 2.5 கிட்டவும் வராது. 4 மயிரிழையில் தவறுகிறது. 6 கருவிகளுக்குச் சரி, லைட்டுக்குக் கொஞ்சம் கூட. 10 இரண்டுக்கும் சரி.

இதே இடத்தில் ஆம்ப் கணக்கையும் வைத்துப் பாருங்கள். மண்ணில் புதைத்த 2.5 பி.வி.சி. ஆர்மர் கேபிள் (வெளியே இரும்புக் கம்பி சுற்றியது) 29 ஆம்ப் தாங்கும். அந்த அட்டவணை 20 பாகை மண்ணுக்குப் போட்டது. நமது மண்ணை 30 பாகை என்று எடுத்து 0.89ஆல் பெருக்கினாலும் ஏறத்தாழ 26. அதாவது 25 ஆம்ப் பிரேக்கரோடு அது தேறிவிடுகிறது! கடைக்காரர் சொன்னது இதைத்தான். கேபிள் எரியாது. ஆனால் கொட்டிலில் வேலையும் நடக்காது.

கணக்குத் தாளில் இல்லாத இன்னொன்றும் உண்டு. நமது மின்சாரத்துக்கு உரிய அளவு 230 வோல்ட், கூட குறைய 6 வீதம். அதாவது 216 முதல் 244 வரை. டிரான்ஸ்போமர் தூரத்தில் இருந்து, லைனின் கடைசியில் உங்கள் வீடு இருந்தால், பின்னேரம் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் டிவியும் ஓடும்போது மீட்டர் பலகையிலேயே குறைந்துதான் நிற்கும். மின்னியலாளரைக் கொண்டு மல்டிமீட்டரால் காலையிலும் பின்னேரத்திலும் அளந்து எழுதி வையுங்கள். பின்னேரம் 212 வருகிற வீட்டிலிருந்து இன்னும் 20 வோல்ட்டை வழியில் விட்டால் கொட்டிலில் 192தான் மிஞ்சும். மோட்டரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. வோல்டேஜ் பத்து வீதம் குறைந்தால் இழுவை 19 வீதம் குறையும். எங்கள் கம்பிரசர் பகலில் ஓடி, பின்னேரம் உறுமியதன் காரணம் அதுதான். உறுமிக்கொண்டே நிற்கும் மோட்டர் தன் சுற்றுக் கம்பியைத் தானே எரித்துவிடும்.

மெல்லிய நீளக் கேபிளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. கொட்டிலில் லைனும் நியூட்ரலும் முட்டினால் பிரேக்கர் உடனே விழ வேண்டும். மோட்டர், வெல்டிங்குக்குப் போடும் சி வகை 25 ஆம்ப் பிரேக்கர் உடனடியாக விழும் என்று நம்ப 250 ஆம்ப் பாய வேண்டும். 45 மீட்டர் 2.5 கேபிள் சூடாக இருக்கையில் அதன் தடை மட்டும் 0.81 ஓம். வெளி லைனின் தடை அரை ஓம் என்று வைத்தால், முட்டும்போது பாய்வது 175 ஆம்ப் அளவுதான். பிரேக்கர் சில செக்கன் யோசிக்கும். அந்தச் சில செக்கனில் கேபிள் கொதிக்கும். 10 கேபிளில் அதே கணக்குக்கு 320 ஆம்புக்கு மேல் பாயும். பிரேக்கர் கண் மூடித் திறக்க முன் விழுந்துவிடும்.

ஆகவே என் முடிவு: 45 மீட்டருக்கும் வெல்டிங்குக்கும் 10. கொட்டில் 20 மீட்டருக்குள் என்றால் 6 தாராளமாகக் காணும், கணக்குப் போட்டால் 3.7 வோல்ட்தான் வரும். வெல்டிங் இல்லை, ட்ரில், கிரைண்டர், லைட் மட்டும், 10 ஆம்ப் என்றால் 45 மீட்டருக்கு 4 போதும். 80 மீட்டர் தள்ளி வெல்டிங் என்றால் 16. உங்கள் இலக்கங்களைப் போட்டு நீங்களே பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் தடித்ததை எடுங்கள். கான் வெட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

நான்காம் படி: மண்ணுக்குக் கீழேயா, மேலேயா?

கடையில் மூன்று விதம் காட்டுவார்கள்: பைப்பில் விடும் தனித்தனி வயர், கறுப்பு உறை போட்ட சாதாரணக் கேபிள், இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர் கேபிள். புதைப்பதென்றால் நான் ஆர்மருக்குத்தான் சொல்வேன். விலை கூட, தெரியும். ஆனால் நமது மண்ணில் கறையான் பி.வி.சி. உறையை அரிக்கும், எலி கடிக்கும், மண்வெட்டி தவறி விழும். பைப் மட்டும் போட்டால் உழவு மெசின் ஏறி நசுக்கிவிடும், மாரியில் தண்ணீர் நிறைந்து நிற்கும். ஆர்மரில் மண்வெட்டி பட்டாலும் முதலில் தொடுவது எர்த் செய்யப்பட்ட இரும்பை.

மூன்று கம்பி உள்ள ஆர்மரை வாங்குங்கள்: லைன், நியூட்ரல், எர்த். வெளி இரும்பையே எர்த்தாகப் பாவிக்கலாம் என்று இரண்டு கம்பிக் கேபிளைக் காட்டுவார்கள். கேபிள் நுனியைப் பெட்டியில் பூட்டும் கிளாண்டை ஒழுங்காகப் பூட்டாவிட்டால் இரண்டு மாரியில் அந்த இணைப்புத் துருப்பிடித்துவிடும். எர்த்துக்குத் தனிக் கம்பி, வெளி இரும்புக்கும் எர்த். இரண்டும் வேண்டும்.

கான் இரண்டு அடி ஆழம். ட்ராக்டர் போகும் இடத்தில் இன்னும் அரை அடி கூட்டி, கேபிளை ஜி.ஐ. பைப்புக்குள் (நாகம் பூசிய இரும்புப் பைப்) விடுங்கள். அடியில் கல் பொறுக்கி, மூன்று அங்குலம் ஆற்றுமணல் போட்டு, கேபிளை நேர்க்கோடாக இழுக்காமல் பாம்பு போகிற மாதிரி கொஞ்சம் தளர்வாகப் படுக்க வையுங்கள். மேலே மறுபடி மணல், அதன் மேல் ஒரு வரிசை செங்கல் அல்லது உடைந்த ஓடு, ஒரு அடி மண், பிறகு மஞ்சள் எச்சரிக்கை நாடா, கடைசியாக மீதி மண். மன்னார் முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களியில் இது இன்னும் முக்கியம். கோடையில் கை போகிற அளவுக்கு வெடிக்கும், மாரியில் ஊதும். இழுத்துக் கட்டிய கேபிளை அந்த மண் இரண்டு பக்கமும் இழுத்து, நுனியில் உள்ள இணைப்பைக் கழற்றிவிடும். முல்லைத்தீவுக் கரையோரத்து மணலில் வெட்டுவது லேசு, ஆனால் கான் சரியும். ஒரே நாளில் வெட்டி, போட்டு, மூடிவிடுங்கள்.

வன்னியில் கான் வெட்டுகிறவர்களுக்கு இதையும் சொல்லாமல் விட முடியாது. போர் முடிந்து கண்ணிவெடி அகற்றிய நிலமாக இருந்தாலும், மீளக்குடியேறிய பிறகு யாரும் தோண்டாத மூலையில் அலவாங்கு போடுகிறீர்கள் என்றால் மெதுவாகப் போடுங்கள். இரும்புப் பொருள் எதுவும் தட்டுப்பட்டால் தொடவேண்டாம், இழுத்துப் பார்க்க வேண்டாம். வந்த தடத்திலேயே பின்னால் வந்து, பிள்ளைகளை விலக்கி, 119க்கு எடுங்கள்.

மேலால் இழுப்பது மலிவு. கறுப்பு உறைக் கேபிளை நாகம் பூசிய தாங்கு கம்பியில் கட்டி இழுக்கலாம். கேபிள் தன் பாரத்தைத் தானே தாங்கக்கூடாது. ஆள் நடக்கும் இடத்தில் குறைந்தது மூன்றரை மீட்டர் உயரம், வாகனம் போகும் இடத்தில் 5.8 மீட்டர். வைக்கோல் ஏற்றிய ட்ராக்டர்ப் பெட்டி எவ்வளவு உயரத்தில் வரும், அதன் மேல் ஒரு ஆள் இருந்தால் எங்கே முட்டும் என்று யோசியுங்கள். பனைக்கும் தென்னைக்கும் அடியால் கொண்டுபோக வேண்டாம். அணிலுக்கு அது பாலம், விழும் மட்டைக்கு அது பொறி. மரத்தில் ஆணியடித்துக் கேபிளைக் கட்டுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

ஐந்தாம் படி: கடையில்

வன்னியின் பல கிராமங்களுக்கு லைன் வந்ததே 2009க்குப் பிறகு. அதற்கு முன் ஜெனரேட்டரும் குப்பி விளக்கும்தான். ஆகவே கேபிள் பார்த்து வாங்குவது நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத வேலை. கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள்.

பழைய ஆட்கள் தடிப்பை இழைக் கணக்கில் சொல்வார்கள். 7/0.67 என்றால் 0.67 மி.மீ. இழை ஏழு, அதாவது 2.5. 7/0.85 என்பது 4. 7/1.04 என்பது 6. 7/1.35 என்பது 10. 7/1.70 என்பது 16. கேபிளின் உறையில் ஒவ்வொரு மீட்டருக்கும் அளவும் வோல்டேஜும் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையும் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சில்லாத கேபிளை விலை எவ்வளவு குறைந்தாலும் விடுங்கள்.

செம்பு பூசிய அலுமினியம் ஒன்று சந்தையில் ஓடுகிறது. பார்க்கச் செம்புதான். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் நிறுத்துப் பாருங்கள். 10 சதுர மி.மீ. செம்பு ஒரு மீட்டர் 89 கிராம். பத்து சென்ரிமீட்டர் துண்டொன்றை வாங்கி, ஒரு கம்பியின் உறையை உரித்து, நகைக்கடைத் தராசில் வைத்தால் 9 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். 3, 4 கிராம் என்றால் அது செம்பு இல்லை. தம்பி இதைச் செய்து பார்த்துத்தான் இரண்டாவது கேபிளை வாங்கினான். நகைக்கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தாராம், ஆனாலும் நிறுத்துக் கொடுத்தார்.

அளந்த நீளத்தோடு இரண்டு நுனிக்கும் ஒவ்வொரு மீட்டர் சேர்த்து ஒரே துண்டாக வெட்டி வாங்குங்கள். மண்ணுக்குள் மூட்டு வேண்டவே வேண்டாம். நிறத்தையும் பாருங்கள்: புதிய முறையில் மண்ணிறம் லைன், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வயரிங்கில் சிவப்பு லைன், கறுப்பு நியூட்ரல். மூன்று பேஸ் கேபிளில் இப்போது கறுப்பு ஒரு லைன்! பழைய வீட்டையும் புதிய கேபிளையும் இணைக்கும் இடத்தில் நிறத்தை நம்பாமல் சோதித்தே இணைக்க வேண்டும்.

ஆறாம் படி: எர்த்தும் ட்ரிப் சுவிட்சும்

நமது வீடுகளுக்கு எர்த் என்பது நம் வளவில் மண்ணுக்குள் அடித்த எர்த் ரொட்தான். வெளியிலிருந்து வருவதில்லை. கோடையில் மண் காய்ந்தால் அந்த எர்த்தின் தடை ஏறும். அந்த எர்த் வழியாகப் பிரேக்கரை விழுத்தும் அளவுக்குக் கரண்ட் பாயவே பாயாது. மெசினின் இரும்பு உடலில் லைன் பட்டால் உயிரைக் காப்பது, கரண்ட் கசிந்தால் உடனே அறுத்துவிடும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான்.

கொட்டிலுக்கென்று தனியாக 30 மில்லி ஆம்ப் ட்ரிப் சுவிட்சைக் கொட்டிலுக்குள்ளேயே வையுங்கள். கொட்டில் லைனை வீட்டு ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுத்தால், கிரைண்டரில் ஒரு கசிவு வந்தாலும் வீடு முழுக்க இருண்டுவிடும். மெயின் சுவிட்சுக்குப் பிறகு, வீட்டு ட்ரிப்புக்கு முன் தனியாகப் பிரித்து, அந்த இடத்தில் 100 மில்லி ஆம்ப், நேரம் தாழ்த்தி விழும் எஸ் வகை ட்ரிப்பும் 25 ஆம்ப் சி வகைப் பிரேக்கரும் போடச் சொல்லுங்கள். ஆர்மர் இல்லாத கேபிள் என்றால் வீட்டு நுனியிலேயே 30 மில்லி ஆம்ப் வேண்டும்; இருட்டாகும் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொட்டிலடியிலும் ஒரு எர்த் ரொட் அடித்து, கேபிளில் வரும் எர்த்தோடு சேருங்கள். ரொட்டை எங்கே அடிப்பது? ஈரம் நிற்கும் இடத்தில். எங்கள் வளவில் கிணற்றடித் தண்ணீர் ஓடிப் போகும் வாழைப் பாத்தியின் ஓரம். ஆவணி வெயிலிலும் அந்த மண் காயாது. அளந்தால் 200 ஓமுக்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் இன்னும் ஆழமாக அடியுங்கள், அல்லது இரண்டாவது ரொட் ஒன்றைத் தள்ளி அடித்துச் சேருங்கள்.

கொட்டிலுக்குள்

கொட்டிலில் நுழைந்ததும் கையெட்டும் இடத்தில் முழுவதையும் நிறுத்தும் சுவிட்ச் ஒன்று. அதன் பிறகு லைட்டுக்கு 6 ஆம்ப், பிளக்குகளுக்கு 16 ஆம்ப், வெல்டிங்குக்கு 25 ஆம்ப் என்று தனித்தனிப் பிரேக்கர். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 45 பாகைக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் பைப்புக்குள் ஓடும் 2.5 வயர் 24 ஆம்ப் தாங்காது, 19தான் தாங்கும். அதனால்தான் 20 வேண்டாம், 16 என்கிறேன். வெல்டிங் பிளான்ட்டை 13 ஆம்ப் சதுர ஊசிப் பிளக்கில் ஒருபோதும் செருக வேண்டாம். நீல நிற 32 ஆம்ப் தொழிற்சாலைப் பிளக்கும், அதற்கு 6 சதுர மி.மீ. வயரும் போடுங்கள்.

கரண்ட் நிற்கும்போது ஜெனரேட்டர் போடுகிறவர்கள், வெளி லைனை அறுத்து ஜெனரேட்டருக்கு மாற்றும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் போடவே கூடாது. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற நாட்களில், இரண்டு பக்கமும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேட்டரை வீட்டுப் பிளக்கில் செருகியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்ட் லைனுக்குத் திரும்பிப் போய், கம்பத்தில் வேலை செய்கிறவரைக் கொல்லும்.

மூட முன்னும், மூடிய பின்னும்

கானை மூட முன் மின்னியலாளர் 500 வோல்ட் மெகரால் (உறையின் காப்பை அளக்கும் கருவி) கேபிளைச் சோதிக்க வேண்டும். புதிய கேபிளில் 1 மெகா ஓமுக்கு மிக மேலே காட்ட வேண்டும். குறைந்தால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது, மூடாதீர்கள். மூடி, இணைத்த பிறகு, வெல்டிங் ஓடும்போதே கொட்டில் பலகையில் வோல்டேஜை அளந்து, வீட்டுப் பலகையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். எங்களுக்குக் கணக்கில் வந்தது 5 வோல்ட், மீட்டரில் காட்டியதும் அதற்குக் கிட்டத்தான். அன்று பின்னேரம் ஏழு மணிக்குத் தம்பி கம்பிரசரைப் போட்டான். ஒரு உறுமல், உடனே சுற்றத் தொடங்கிவிட்டது.

ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒருமுறை எல்லா இணைப்புப் பெட்டியையும் திறந்து, எறும்புப் புற்றும் ஈரமும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடி மின்னல் நேரத்தில், மேலால் இழுத்த லைன் என்றால், வேலையை விட்டுவிட்டு மெசின்களின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, கேபிள் போன வழியை ஒரு தாளில் கீறுங்கள். கிணற்றுக் கட்டிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் தென்னையை ஒட்டி வளைகிறது, எங்கே ஜி.ஐ. பைப் தொடங்குகிறது, எவ்வளவு ஆழம். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டு மெயின் பலகைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். எங்கள் தாளில் இரண்டாவது தென்னையின் இடத்தில் இப்போது ஒரு பலாக்கன்று நிற்கிறது. போன மாதம் அதற்குக் குழி வெட்ட வந்தவர் முதலில் அந்தக் கதவைத் திறந்துதான் பார்த்தார்.